விலாசம் மாறினால் அந்தஸ்து மாறுமா?

ஒரு தேசம் முன்னேறிவிட்டதா இல்லையா என்று அளந்து பார்க்க மனிதர்கள் கண்டுபிடித்திருக்கும் கோல்கள் அநேகம். தலைக்கு எத்தனை இரும்பு, எத்தனை மின்சாரம், எத்தனை டாக்டர் என்றெல்லாம் அளந்து அலுத்துப்போன பிறகு, இப்போது புதிதாக ஒரு கோல் வந்திருக்கிறது. இண்டர்நெட்டில் விலாசம் எழுதும் முறைகள் இரண்டு. ஒன்று பழையது, மற்றொன்று புதியது. ஒரு தேசத்து ஜனங்களில் நூற்றுக்கு எத்தனை பேர் புதிய முறைக்கு மாறியிருக்கிறார்கள் என்று நாள்தோறும் எண்ணிப் பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் நம் பாரத தேசம் முதல் வரிசையில் இருக்கிறது. நூற்றுக்கு எழுபதை ஒட்டி! இண்டர்நெட்டைப் பெற்றெடுத்த அமெரிக்காவே ஐம்பதை ஒட்டித்தான் நிற்கிறது.

கொமரலிங்கத்தில் பவர் டேபிள் போட்டுத் திருப்பூர்க் கம்பெனிகளுக்கு பனியன் தைத்துக் கொடுக்கும் இளைஞர் ஒருவர் இந்தச் செய்தியை என்னிடம் மிகுந்த உற்சாகத்தோடு சொன்னார். "அமெரிக்காக்காரனையே தாண்டிட்டமுங்க அண்ணா. புதுசுக்கு மொதல்ல மாறுறவன்தானுங்களே முன்னால போவான்?" என்றார்.

கேள்வி நியாயமானது. ஆனால் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாதது. இதற்குப் பதில் சரித்திரத்தில்தான் இருக்கிறது. கதை எழுதுகிறவனுக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்தச் சரித்திரத்தில் பற்றாக்குறை, பாகப்பிரிவினை, மூத்தாள் பிள்ளை, இளையாள் பிள்ளை எல்லாம் இருக்கின்றன.

முதலில் விலாசம் என்பது என்ன என்று பார்ப்போம். நம் தேசத்தில் ஒரே பெயரில் ஐம்பது ஊர் இருக்கும். பதினைந்து பாஷைகளில் விலாசம் எழுதப்பட்டு வரும். தபால்காரர் என்ன செய்வார், பாவம்! இந்தச் சங்கடத்தைத் தீர்க்க 1972 ஆகஸ்டு 15-ல் ஆறு இலக்க பின்கோடு முறை வந்தது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர் என்ற தபால் துறை அதிகாரி. அவர் ஒரு சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். 6 என்று ஆரம்பித்தால் தமிழ்நாடு அல்லது கேரளம், 642 என்றால் எங்கள் பொள்ளாச்சி, உடுமலை வட்டாரம். இண்டர்நெட்டிலும் இதே சங்கதிதான். கம்ப்யூட்டரோ கைப்பேசியோ, எதுவானாலும் அதற்கு ஓர் எண் வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் செய்தி வழி தெரிந்து வந்து சேரும்.

இந்த எண் முறையின் நான்காம் பதிப்பு 1981-ல் எழுதி வெளியிடப்பட்டது. அமெரிக்க ராணுவ இலாகாவின் பணத்தில் நடந்த ஆர்ப்பாநெட் என்ற வலை, 1983 ஜனவரி 1-ந் தேதி ஒரே நாளில் அதற்கு மாறியது. அப்போது அந்த வலையில் இருந்தவை சில நூறு யந்திரங்கள்தாம். எண்ணின் நீளம் 32 பிட். அதாவது மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 விலாசங்கள். அதை நிர்ணயித்தவர்களில் ஒருவரான வின்ட் செர்ப், அது ஒரு சோதனைதானே என்று நினைத்தே அந்த நீளத்தை முடிவு செய்ததாகப் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். சோதனை முடியவே இல்லை. உலகம் அதன் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தக் காலத்திலேயே பூமியின் ஜனத்தொகை 450 கோடியை ஒட்டி இருந்தது. தலைக்கு ஒன்று என்று கொடுத்தால்கூடப் போதாது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. ஆரம்பத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம். போர்டு மோட்டார் கம்பெனிக்கு அதே அளவு. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்கும் அதே அளவு. இந்த மூன்று ஸ்தாபனங்கள் வாங்கியதைக் கூட்டினால் 5 கோடி. இன்று 140 கோடி ஜனங்கள் வாழும் இந்தியாவின் பங்குக்கு வந்த பழைய விலாசங்கள் மொத்தமே சுமார் 4 கோடிதான். நமக்கு இண்டர்நெட் பொதுஜன உபயோகத்துக்கு வந்தது 1995 ஆகஸ்டு 15-ல். பந்தி பாதி முடிந்த பிறகு இலை போட்ட கதை.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அமராவதி ஆற்றில் பழைய ஆயக்கட்டு, புதிய ஆயக்கட்டு என்று இரண்டு உண்டு. கல்லாபுரம், கொமரலிங்கம், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று போகும் ராஜவாய்க்கால்கள் பழையவை. 1950-களில் அணை கட்டிய பிறகு பிரதானக் கால்வாயில் தண்ணீர் வாங்கிய நிலங்கள் புதியவை. இரண்டும் சேர்ந்து 54,000 ஏக்கருக்கு மேல். தண்ணீர் குறைகிற வருஷத்தில் யாருக்கு முதல் உரிமை என்ற பேச்சு எழுந்தால், பழைய ஆயக்கட்டுக்காரர் குரலில் ஒரு நிதானம் இருக்கும்; புதிய ஆயக்கட்டுக்காரர் குரலில் ஒரு பதற்றம் இருக்கும். இண்டர்நெட்டில் அமெரிக்கா பழைய ஆயக்கட்டு. உலகத்துப் பழைய விலாசங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதனிடம் இருக்கிறது. நாமெல்லாம் கடைமடை.

பஞ்சம் வரும் என்று தெரிந்ததும் புது அணை கட்ட ஆரம்பித்தார்கள். ஸ்டீவ் டீரிங், ராபர்ட் ஹிண்டன் என்ற இரண்டு பேர் எழுதிய புதிய முறை 1995 டிசம்பரில் வெளியாயிற்று. இது ஆறாம் பதிப்பு. ஐந்தாவது எங்கே என்று கேட்பீர்கள். ஒலியை வலையில் அனுப்புவதற்காக நடந்த ஒரு சோதனைக்கு ஐந்தாம் எண்ணை முன்பே கொடுத்துவிட்டார்கள். ஆகையால் தாண்டிப் போக வேண்டியதாயிற்று. புத்தகம் போடுகிறவர்கள் சிலர் இரண்டாம் பதிப்பு விற்காமலே மூன்றாம் பதிப்பு என்று அட்டையில் அச்சிடுவது நினைவுக்கு வருகிறது; ஆனால் இது அந்த ரகம் இல்லை. ஆறாம் பதிப்பின் எண் 128 பிட் நீளம். 34 எழுதி அதன் பின்னால் 37 பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள். அத்தனை விலாசங்கள். இனி ஒரு யுகத்துக்குப் பஞ்சமில்லை.

ஆனால் ஒரு பெரிய குறை. பழைய எண் மட்டும் உள்ளவனும் புதிய எண் மட்டும் உள்ளவனும் நேரே பேசிக்கொள்ள முடியாது. நடுவே ஒரு துபாஷி வேண்டும். 1983-ல் சில நூறு யந்திரங்களை ஒரே ராத்திரியில் மாற்றியது போலக் கோடிக்கணக்கான யந்திரங்களை மாற்ற முடியுமா? ஒவ்வொருவரும் "மற்றவன் மாறட்டும், பிறகு நான் மாறுகிறேன்" என்று காத்திருந்தார்கள். இதற்கிடையில் கெட்டிக்காரர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்துக் கடிதங்களில் 'மே/பா' என்று போடுவோமே, இன்னார் மேற்பார்வையில் இன்னாருக்கு என்று, அதே தந்திரம். ஒரே ஒரு எண்ணை வாங்கி வாசலில் மாட்டிக்கொண்டு, உள்ளே நூறு பேர், ஆயிரம் பேர் குடியிருப்பது. பஞ்சத்தை ஒத்திப்போட இது போதுமாயிருந்தது.

2011 பிப்ரவரி 3-ந் தேதி உலகப் பொதுக் களஞ்சியத்தில் கடைசியாக மிச்சமிருந்த ஐந்து மூட்டைகளை ஐந்து கண்டங்களின் பதிவு ஸ்தாபனங்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துக் கதவைச் சாத்தினார்கள். ஏப்ரல் 15-ல் ஆசியாவின் கையிருப்பும் ரேஷனுக்கு வந்தது. அதே வருஷம், திவாலான நார்டெல் கம்பெனியிடமிருந்து 6,66,624 விலாசங்களை மைக்ரோசாப்ட் 75 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. விலாசம் நிலம் போல விற்பனைச் சரக்காகிவிட்டது. 2024 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து அமேசான் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுக்கிறவர்களிடம் பழைய விலாசம் ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. வருஷத்துக்கு 44 டாலர் போல ஆகிறது. எண்ணுக்குக் குத்தகை!

இனி, முதலில் மாறியவர்கள் முன்னால் போனார்களா என்று பார்ப்போம்.

ஜப்பான். 2000 செப்டம்பரிலேயே அந்த தேசத்துப் பிரதம மந்திரி யோஷிரோ மோரி பார்லிமெண்டில் பேசிய கொள்கை உரையில் ஆறாம் பதிப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். வேறு எந்தப் பிரதம மந்திரியாவது அந்தக் காலத்தில் அப்படிச் செய்திருப்பாரா? அங்கே 'காமே' என்ற பெயரில் ஒரு கூட்டு முயற்சி 1998 முதல் 2006 வரை நடந்தது. காமே என்றால் ஆமை. புதிய முறைக்கான புரோகிராம்களை எழுதி உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ஆப்பிள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களிலும் அந்த ஆமைக் குடும்பத்துச் சரக்கு இருக்கிறது. புதிய விலாசத்தோடு அவர்களுடைய பக்கத்துக்குப் போனால் ஆமை நடனமாடும். பழைய விலாசத்தோடு போனால் சும்மா நிற்கும். கைப்பேசியில் இண்டர்நெட்டைச் சாமான்ய ஜனங்களிடம் கொண்டுபோனதிலும் ஜப்பான் 1999-லேயே முந்திக்கொண்டது. எல்லாம் இருந்தும், 2007-க்குப் பிறகு கைப்பேசி உலகத்தின் செங்கோல் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது.

பெல்ஜியம். 2014-க்குப் பிறகு சில வருஷங்கள் புதிய விலாசப் பட்டியலில் உலகத்துக்கே முதல் இடம் அதற்குத்தான். காரணம் வேடிக்கையானது. ஒரே விலாசத்துக்குப் பின்னால் ஆயிரம் பேர் ஒளிந்துகொண்டால் குற்றவாளியை எப்படிப் பிடிப்பது என்று போலீசார் கவலைப்பட்டார்கள். அதன் பேரில், ஒரு பழைய விலாசத்தில் 16 பேருக்கு மேல் குடிவைப்பதில்லை என்று அங்குள்ள கம்பெனிகள் 2012-ல் ஒப்புக்கொண்டன. 16 பேருக்கு ஒன்று என்றால் பழைய எண் போதாது. புதியதற்குப் போய்த்தான் தீர வேண்டும். சரி, இன்று கம்ப்யூட்டர் உலகத்தை ஆள்வது பெல்ஜியம் என்று யாராவது சொல்வார்களா?

சீனாவில் 2004-லேயே சர்வகலாசாலைகளை இணைத்துப் புதிய முறையில் ஒரு வலை போட்டார்கள். 2008 ஒலிம்பிக்கில் அதைக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். அப்படியும் பொது ஜனங்களிடம் அது பரவாமல் 2017 நவம்பரில் சர்க்கார் மறுபடியும் திட்டம் போட்டு முடுக்க வேண்டியிருந்தது.

நம் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 2010 ஜூலையில் டெல்லித் தொலைத்தொடர்பு இலாகா ஒரு வழித்திட்டம் வெளியிட்டது. பெரிய கம்பெனிகள் 2011 டிசம்பருக்குள், மத்திய, மாநில சர்க்கார் இலாகாக்கள் 2012 மார்ச்சுக்குள் என்று கெடு. 2013-ல் இரண்டாவது திட்டம். சர்க்கார் இலாகாக்களுக்குக் கெடு 2017 டிசம்பருக்குப் போயிற்று. வீடுகளுக்கு வரும் கம்பி இணைப்புகளுக்கான கெடு தள்ளித் தள்ளி 2022 டிசம்பருக்கு வந்தது. காகிதத்தில் உத்தரவு போட்டு வாய்க்காலில் தண்ணீர் விட முடியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

தண்ணீர் வந்தது வேறு மடையில். 2016 செப்டம்பர் 5-ந் தேதி ஜியோ வந்தது. பேச்சையும் செய்தியாகவே அனுப்புகிற நான்காம் தலைமுறை வலை அது. 170 நாளில் 10 கோடி பேர் சேர்ந்தார்கள். தேசத்துக்கே 4 கோடி பழைய விலாசம்தான் என்னும்போது 10 கோடி பேருக்கு எங்கே போவது? புதியதைத் தவிர வேறு கதியில்லை. ஆகவே பெரும்பகுதியை ஆறாம் பதிப்பில் ஓட்டினார்கள். சில வருஷங்களுக்குள் தேசமே முதல் வரிசைக்கு வந்துவிட்டது. நம்முடைய முதலிடத்துக்குத் தாய் தரித்திரம், தகப்பன் ஜனத்தொகை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதைத் தலைமை என்று சொல்லிக்கொள்வதுதான் பொருந்தவில்லை.

இப்படி நாம் முந்திக்கொண்டது இது முதல் தடவையும் அல்ல. 1957 ஏப்ரல் முதல் தேதி அணாவையும் பைசாவையும் விட்டு நயா பைசாவுக்கு மாறினோம். ரூபாய்க்கு நூறு என்ற சுலபமான கணக்கு. நம்மை ஆண்டுவிட்டுப் போன இங்கிலாந்து 1971 பிப்ரவரி 15 வரைக்கும் பவுனுக்கு இருபது ஷில்லிங், ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பதினான்கு வருஷம் நாம் முன்னால். ஆனால் அந்தப் பதினான்கு வருஷமும் உலகத்துப் பணச் சந்தை லண்டனில்தான் இருந்தது, பம்பாய்க்கு வந்துவிடவில்லை. மீட்டரும் கிலோவும் இன்றுவரை அமெரிக்காவின் கடைத்தெருவுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அடியிலும் பவுண்டிலும் அளந்துகொண்டே அவர்கள் சந்திரனில் இறங்கிவிட்டார்கள்.

அப்படியானால் புதிய விலாசத்தால் பிரயோஜனமே இல்லையா? உண்டு. எனக்குச் செய்தி சொன்ன அந்த இளைஞரின் பட்டறையையே எடுத்துக்கொள்வோம். பட்டறையில் நாலு காமிரா மாட்டியிருக்கிறார். கணக்குக்கு ஒரு கம்ப்யூட்டர். வாரத்தில் பாதி நாள் அவர் திருப்பூரில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்க வேண்டியவர். அங்கிருந்தபடி தம் பட்டறையை நேரே பார்க்க ஆசைப்பட்டார். முடியவில்லை. ஏனென்றால் பட்டறைக்கு வந்த கண்ணாடி நார் இணைப்பில் அவருக்குச் சொந்த விலாசம் இல்லை, 'மே/பா' விலாசம்தான். அவர் வெளியே போகலாம். வெளியிலிருந்து யாரும் அவர் வாசலுக்கு வர முடியாது. சொந்த எண் வேண்டுமானால் மாதா மாதம் தனியாகப் பணம் என்றார்கள். ஆகவே கொமரலிங்கத்துப் பட்டறையின் படம் காமிரா செய்த கம்பெனியின் யந்திரத்துக்குப் போய், எங்கேயோ ஒரு தேசத்தைச் சுற்றிவிட்டுத் திருப்பூருக்கு வருகிறது. தன் வீட்டைப் பார்க்க ஊரான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பையில் இருக்கும் கைப்பேசிக்குப் புதிய விலாசம் உண்டு. பட்டறைக்கு இல்லை!

விலாசப் பஞ்சம் செய்த உண்மையான அநியாயம் இதுதான் என்று நினைக்கிறேன். யாருக்கும் யாரும் நேரே கடிதம் போடலாம் என்று ஆரம்பித்த வலை, பெரிய மனிதர்களின் மேற்பார்வையில்லாமல் கடிதமே போக முடியாத வலையாக மாறிவிட்டது. புதிய விலாசம் ஒவ்வொரு பட்டறைக்கும் சொந்த வாசல் வைத்துத் தருகிறது. அதில் பூட்டும் காவலும் போட்டுக்கொள்வது நம் சாமர்த்தியம். ஆனால் வாசல் வைத்தவன் எல்லாம் கடை நடத்தி லாபம் பார்த்துவிடுவான் என்று சொல்ல முடியுமா?

திருப்பூருக்கே இது தெரிந்த பாடம். விலாசக் களஞ்சியம் மூடுவதற்கு ஆறு நாள் முன்னால், 2011 ஜனவரி 28-ல், நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூடும்படி சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடாத முறைக்கு மாறியே அவை திறந்தன. பின்னலாடைத் தொழிலில் இவ்வளவு கடுமையான விதிக்கு இவ்வளவு பெரிய ஊர் உட்பட்டது அபூர்வம். அதனால் உலகச் சந்தை ஓடிவந்து காலில் விழுந்துவிட்டதா? இல்லை. செலவுதான் ஏறியது. அப்படிப்பட்ட விதியில்லாத பங்களாதேஷ் ஏற்றுமதியில் நம்மைவிட வெகுதூரம் போயிற்று. ஆனால் இன்று, துணி எப்படிச் சாயமேறியது என்று வெளிநாட்டு வியாபாரிகள் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குத் தயாராகப் பதில் வைத்திருக்கும் ஊர் திருப்பூர். இன்னொன்றும் உண்டு. திருப்பூரில் ஓடும் உயர்ந்த ரக நிட்டிங் மெஷின்களில் ஜெர்மனியும் ஜப்பானும் தைவானும் செய்தவை ஏராளம். புது மெஷினை முதலில் போட்டவருக்கு இரண்டு வருஷம் நல்ல வியாபாரம். மெஷினைச் செய்தவருக்கு இரண்டு தலைமுறை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் விலாசக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

தலைமை என்பது விதியை முதலில் கைக்கொள்வதில் இல்லை. விதி எழுதும் இடத்தில் போய் உட்கார்ந்து, அதில் நம் ஊரின் அளவையும் எழுத வைப்பதில் இருக்கிறது. நம்மவர்கள் ஒருமுறை அதையும் செய்திருக்கிறார்கள். ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிக்கு உலகத் தரம் வகுத்தபோது, கிராமாந்தரத்தில் கோபுரத்துக்குக் கோபுரம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம் வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். நம் கிராமங்களுக்கு அது கட்டுமா? பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் கண்ணாடி நார். அதைச் சுற்றிச் சில கிலோமீட்டரில் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள். இதுதான் நம் நிலைமை. ஆகவே ஆறு கிலோமீட்டர் இடைவெளிக்கும் சரிப்பட வேண்டும் என்று சென்னை ஐ.ஐ.டி., ஹைதராபாத் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் முன்னின்று வாதாடினார்கள். 2017-ல் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் அதை ஒப்புக்கொண்டது. பிற்பாடு 5ஜி-ஐ என்ற தனித் தரமாகவே அது உருவெடுத்தது. செலவு கூடும் என்று நம் நாட்டுக் கம்பெனிகளே ஆட்சேபித்தன. கடைசியில் உலகப் பொதுத் தரத்தோடு அது சேர்ந்துகொண்டது. பட்டியலில் நூற்றுக்கு எழுபது வாங்கியதைவிட, ஒரு பஞ்சாயத்தின் விஸ்தீரணத்தை உலகத்துத் தரப் புத்தகத்தில் ஏற்றியதை நான் பெரிதாக மதிக்கிறேன். முதலாவதைப் பத்திரிகைகள் கொண்டாடின. இரண்டாவதைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே அந்த இளைஞரின் கேள்விக்கு என் அபிப்பிராயம் இது. புதிய விலாசம் வேண்டும். கைப்பேசிக்கு வந்ததுபோல் பட்டறைக்கும், பள்ளிக்கூடத்துக்கும், சர்க்கார் ஆபீசுக்கும் வர வேண்டும். கெடுவை இன்னொரு முறை தள்ளிப்போட இடம் கொடுக்கக் கூடாது. ஆனால் அதைப் பெற்றுவிட்ட மாத்திரத்தில் உலகத்துக்குத் தலைமை தாங்குவதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். தண்ணீர் வந்துவிட்டது என்பதற்காக யாரும் அறுவடையைக் கொண்டாடுவதில்லை. வரப்பை வெட்டி, சேற்றில் இறங்கி, நாற்று நட வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது.